அறுநூற்று நாற்பது

ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது,
கூலியோடு அறுநூற்று நாற்பது டாலர் என்றான் ரோலண்ட்,
கிரீஸ் படிந்த விரலால் காற்றில் எழுதிக் காட்டி.
டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி கரைவரைக்கும் உறைந்து கிடக்க
இரும்புத்தாதுக் கப்பல்கள்
வேலை போன மாமன்மார்போல்
துறைமுகத்தில் சும்மா நின்றன.

பல் மருத்துவ உதவியாளர் படிப்பு, இரண்டாம் பருவம்.
பயிற்சி கிளினிக் திறப்பது காலை ஆறுக்கு.
முதல் பேருந்து ஆறு இருபதுக்கு.
மூன்று முறை தாமதித்தால் பருவமே போச்சு.
இரண்டு முறை ஆகிவிட்டது.

கடன் சங்கத்தில் மிஸஸ் ஹால்வர்சன்
திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார்.
மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.
"மோசம் என்று சொல்லவில்லை, கைசா.
ஒன்றுமே இல்லை என்கிறது."

ஒன்றுமே இல்லை.
பதினாறு வயதிலிருந்து டோனட் கடையில் மாவு பிசைகிறேன்.
வாடகையில் என் பங்கை முதல் தேதி தவறாமல்
குளிர்பெட்டி மேல் உறையில் போட்டு வைப்பேன்.
கைபேசிக்குக்கூட
பணம் கட்டிவிட்டுத்தான் பேசுகிறேன்.
முன்னால் கொடுத்தவளுக்கு முகவரி இல்லை.
பின்னால் கொடுப்பவருக்கே பெயர்.

என் அறையில் இருக்கும் டெஸாவின் அப்பா
தன் அட்டையில் மகள் பெயரையும் சேர்த்தபோது
அவளுக்குப் பதினைந்து வயது.
அந்த அட்டையை அவள் கண்ணால் பார்த்ததில்லை.
இன்று எழுநூற்று முப்பத்தொன்று.
தூக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது
அவள் நாணயம்.

"கூடக் கையெழுத்துப் போட யாராவது? அம்மா?"

அம்மா போடுவாள்.
கேட்டு முடிப்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள்.
அப்பாவின் நுரையீரலுக்காக அவள் போட்ட கையெழுத்துகள்
இன்னும் தொலைபேசியில் அவளைத் தேடுகின்றன,
ஞாயிற்றுக்கிழமைகூட.
அந்தத் திரை அவளைப் பற்றி என்ன சொல்லும் என்று தெரியும்.
மிட்டாய்க் கிண்ணத்துக்கு எதிரே உட்கார்ந்து
அதை அவள் கேட்க வேண்டாம்.

"அம்மா ஊரில் இல்லை" என்றேன்.
இரண்டு தெரு தள்ளி
மருத்துவமனைப் படுக்கைவிரிப்புகளை
மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வழி இருக்கிறது.
ஐந்நூறு டாலர் எங்களிடம் போட்டு வை.
அதைப் பிணையாக வைத்து
ஐந்நூறு கடன் தருவோம்."
ஐந்நூறு இருந்தால் நான் ஏன், என்று தொடங்கி நிறுத்தினேன்.
அவரும் லேசாகச் சிரித்தார்.
பாவம், அவர் எழுதிய விதியா.
ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டேன். புதினா.

எதிர்ச்சாரியில் மஞ்சள் விளக்குக் கடை:
வரலாறு தேவையில்லை, பத்தே நிமிடம்.
கதவின் கைப்பிடியில் பூச்சு தேய்ந்து
பித்தளை பளபளத்தது.
எத்தனை கைகள்.
மூக்கு உறையும்வரை நின்று பார்த்தேன்.
உள்ளே ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
வரிசையில் முன்னேறினார்.
அந்தத் தொப்பியால்தான் திரும்பினேன் என்று நினைக்கிறேன்.

"கையில் எவ்வளவு இருக்கு?" என்றான் ரோலண்ட்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
தலையைச் சொறிந்தான்.
விபத்தில் நசுங்கிய வண்டி ஒன்றிலிருந்து பழைய ஆல்டர்னேட்டர்,
உத்தரவாதம் கிடையாது,
எல்லாம் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறு.
மீதியை வெள்ளிக்கிழமை கொடு.
டயர் கம்பெனி நாட்காட்டியில்
வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் எழுதினான்:
கைசா 78.
கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை.
ஐந்நூறு கேட்டிருந்தால் என்ன செய்திருப்பான்?
தெரியாது. நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொடுத்தேன்,
பாதிக்கு மேல் ஒரு டாலர் நோட்டுகளாக.
எண்ணாமல் சட்டைப்பையில் திணித்து
பென்சிலால் என்னை அடித்தான்.

மார்ச்சில் முகப்பு விளக்கு மாற்றப் போனபோது
ரோலண்ட் பிப்ரவரியைக் கிழித்து
அதில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.